வரைபடத்தில் உங்கள் காணி எங்கே?

ஊர் திரும்பியதும் வளவைத் துப்புரவாக்கத்தான் மனம் அவசரப்படும். அதற்கு முன்னர் கிராம அலுவலரிடம் சென்று, மிதிவெடி வரைபடத்தில் உங்கள் காணி எங்கே வருகிறது என்று விசாரியுங்கள்.

ஆய்வுக் குழுவினர் ஆபத்தான பகுதியின் வெளியோரத்தில், பாதுகாப்பான தரையில் நின்று அதன் எல்லைகளை ஜீ.பி.எஸ். கருவியில் பதிவார்கள். அந்தப் புள்ளிகள் கணினியில் கோடுகளாக இணைக்கப்பட்டு, தனி இலக்கத்துடன் தரவுத்தளத்தில் சேரும். இலங்கையில் இதற்கு ஐ.எம்.எஸ்.எம்.ஏ. என்ற முறை பயன்படுகிறது. வெடிகளை அகற்றிப் பரிசோதித்து முடிந்த பின்னரே அந்த இடம் கையளிக்கப்படும்.

ஆனால் எங்கே தேடுவது என்பதைக் கருவி சொல்லாது. முகமாலை போன்ற முன்னரங்கப் பகுதிகளை எல்லோரும் அறிவர். பின்வளவில் இருந்த பங்கர், மாடு வெடியில் அகப்பட்ட வேலியோரம், குளக்கட்டில் அமைத்த காவலரண் போன்றவை உங்களுக்கும் அயலவருக்கும்தான் தெரியும். வரைபடத்தில் குறியில்லாத இடம், இதுவரை எவரும் சொல்லாத இடமாகவும் இருக்கலாம். ஆகவே தகவல் திரட்டும் கூட்டத்துக்குக் குடும்பத் தலைவர் மட்டும் போனால் போதாது. விறகுக்குப் போகும் பெண்களும் ஆடு மேய்க்கும் பிள்ளைகளும் காணும் இடங்கள் வேறு.

சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவியுங்கள். அடையாளம் வைக்கவோ படமெடுக்கவோ கிட்டப் போக வேண்டாம். மதகிலிருந்து எந்தப் பக்கம், எத்தனையாவது பனை என்று சொன்னாலே போதும். மிச்சத்தைக் குழுவினர் பார்த்துக்கொள்வார்கள்.