விளையாட்டுத் துறையில் வேலை தேடுகிறீர்களா?

விளையாட்டுத் துறைக் கருத்தரங்குக்குப் போனால், முன்னாள் வீரரோடு செல்ஃபி எடுக்க முண்டியடிக்காதீர்கள். டிக்கெட், ஸ்பான்சர், மைதான ஏற்பாடு பார்ப்பவர்கள் காபி மேசைப் பக்கம் நிற்பார்கள். வேலை பெரும்பாலும் அவர்கள் வழியாகத்தான் வரும். "வேலை இருக்கா சார்?" என்று ஆரம்பிக்காமல், "மேட்ச் அன்னைக்கு மழை வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். பேச்சு தானாக நீளும். விசிட்டிங் கார்டின் பின்புறம், பேசிய விஷயத்தை உடனே குறித்துக்கொண்டு, மறுநாள் அதைச் சொல்லி ஒரு மெயில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் 'குட் மார்னிங்' படம் மட்டும் வேண்டவே வேண்டாம்!

நுழைவுக் கட்டணம் கட்டுப்படியாகவில்லையா? தன்னார்வலராகச் சேருங்கள். 2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடில் தன்னார்வலர்கள் வேலை செய்தார்கள். உள்ளூர் மாரத்தானில் தண்ணீர் கொடுக்கும் மேசைக்கும் ஆள் தேவைப்படும்; ஏற்பாட்டாளர்கள் அங்கே அடிக்கடி எட்டிப் பார்ப்பார்கள்.