வலிக்கும் முன்பே எழுந்திருக்க ஒரு புரோகிராம்

எனக்குப் பல வருடங்களாக முதுகுவலி. டேட்டா என்ட்ரி வேலை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி (1947) நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர இடைவேளை உண்டு. ஆனால் முதுகுவலிக்காரர் நான்கு மணி நேரம் எங்கே உட்கார்வது? சின்னச் சின்ன ஓய்வு, அதுவும் வலி தொடங்கும் முன்பே வேண்டும்.

இதற்கு ஒர்க்ரேவ் என்ற இலவச புரோகிராமைப் பயன்படுத்துகிறேன். இன்ஸ்டால் செய்தவுடன், 45 நிமிட வேலைக்கு 10 நிமிட ஓய்வு என அமைந்திருக்கும். கீபோர்டு, மவுஸ் இயங்கும் நேரத்தைத்தான் இது கணக்கிடும். திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஆட்டுப் பட ஐகானில் ரைட் கிளிக் செய்து, பிரிஃபரன்சஸ் சென்றால் நேரத்தை மாற்றலாம். நான் 25 நிமிடத்துக்கு 5 நிமிடம் வைத்துள்ளேன்.

ஓய்வு விண்டோவில் ஸ்கிப் பட்டன் இருக்கும். முதல் வாரம் முழுக்க அதைத்தான் அழுத்திக்கொண்டிருந்தேன்! பிறகு பிரிஃபரன்சஸில் அந்தப் பட்டனையே எடுத்துவிட்டேன்.

“அடிக்கடி சீட்டில் காணோமே?” என்றார் மேலாளர். ஸ்டாடிஸ்டிக்ஸ் விண்டோவைத் திறந்து, தினமும் எத்தனை கீ அழுத்தியிருக்கிறேன் என்று காட்டினேன். எண்ணிக்கை குறையவில்லை. அதன்பின் அவர் கேட்கவில்லை.

அலுவலகக் கம்ப்யூட்டர் என்றால், இன்ஸ்டால் செய்யும் முன் சிஸ்டம் அட்மினிடம் அனுமதி வாங்கிவிடுங்கள்.