சட்டம் அறிவோம்: வேலை இடத்தில் மிஷினில் அடிபட்டால்...



நம் குழுக்களில் கட்டட வேலைக்குப் போகிற உறுப்பினர்கள் நிறையப் பேர். இப்போது சின்ன வீட்டு வேலையில்கூட மிஷின் வந்துவிட்டது. கலவை மிஷின், கலவை ஏற்றும் லிப்ட், கட்டிங் மிஷின், ஜே.சி.பி. என்று எல்லாமே இருக்கிறது. மூடி இல்லாத பெல்ட்டில் முந்தானை மாட்டுகிறது, லிப்ட் ரோப் அறுந்து விழுகிறது, பிளேடு விரலை எடுத்துவிடுகிறது.

அடிபட்ட பிறகு என்ன நடக்கிறது? மேஸ்திரி முதல் நாள் ஆஸ்பத்திரி செலவைக் கொடுப்பார். "உடம்பைப் பாத்துக்கம்மா" என்று ஆயிரமோ இரண்டாயிரமோ கையில் வைப்பார். அத்தோடு சரி. அப்புறம் அந்த அக்கா குழுவுக்கு வந்து அவசரக் கடன் கேட்பார். முதலாளி கட்டவேண்டிய காசை நாம் வட்டியோடு கட்டுகிறோம். இது ஏன்? நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியாததால்தான்.

நஷ்டஈடு யார் தர வேண்டும்?

வேலை கொடுத்தவர்தான். 1923-ஆம் ஆண்டிலிருந்து இதற்குத் தனிச் சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்துள்ளது. நஷ்டஈட்டு உரிமை அதிலும் தொடர்கிறது.

"மேஸ்திரிகிட்ட ஏது காசு?" என்று கேட்கலாம். கட்டடத் தொழில் செய்யும் கம்பெனியோ பெரிய கான்ட்ராக்டரோ மேஸ்திரியை வைத்து வேலை வாங்கினால், அவர்களிடமே கேட்கலாம். அவர்கள் பிறகு மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

"நான்தான் கவனிக்காம கையை விட்டுட்டேன்" என்று சொல்லி ஒதுங்க வேண்டாம். வேலையின்போது, வேலையால் அடிபட்டது என்பதே போதும். முதலாளி மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. குடித்திருந்தாலோ, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினாலோ, பாதுகாப்பு மூடியைத் தெரிந்தே கழற்றினாலோதான் முதலாளி மறுக்க முடியும். மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் அந்தக் காரணமும் செல்லாது.

எவ்வளவு கிடைக்கும்?

வயது, மாதக் கூலி, ஊனத்தின் அளவு மூன்றையும் வைத்துக் கணக்குப் போடுவார்கள். 40 வயது சித்தாள், மாதக் கூலி ரூ.12,000, கட்டை விரல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம்.

- கூலியில் 60 சதவீதம்: ரூ.7,200
- 40 வயதுக்குச் சட்டம் சொல்லும் பெருக்கு எண்: 184.17
- இரண்டையும் பெருக்கினால்: ரூ.13,26,024
- கட்டை விரல் இழப்புக்கு 30 சதவீதம்: சுமார் ரூ.3,97,800

மேஸ்திரி கொடுத்த இரண்டாயிரத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்! இதோடு வைத்தியச் செலவும் முதலாளி பொறுப்பு. சில மாதம் கழித்துக் குணமாகும் காயம் என்றால், வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை மாதக் கூலியில் கால் பங்கு தர வேண்டும். மூன்று நாளுக்குள் சரியாகிவிடும் காயத்துக்கு நஷ்டஈடு இல்லை.

எங்கே போவது?

1. தொழிலாளர் துறை: இணை ஆணையர் அல்லது துணை ஆணையர் அலுவலகத்தில் விசாரித்து, இழப்பீட்டு அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும். விபத்து நடந்து 2 ஆண்டு முடியும்முன் கொடுத்துவிடுங்கள்.

2. இ.எஸ்.ஐ.: கூலியில் இ.எஸ்.ஐ. பிடித்தால் வைத்தியமும் ஊன உதவித்தொகையும் அங்கேதான். முதலாளியிடம் தனியாக நஷ்டஈடு கேட்க முடியாது.

3. வாகன விபத்துத் தீர்ப்பாயம்: டிப்பர் லாரி, ஜே.சி.பி. போன்ற பதிவு எண் உள்ள வண்டி மோதினால் இங்கேயும் போகலாம். ஆனால் இங்கே அல்லது தொழிலாளர் துறை, ஏதாவது ஒன்றுதான். 6 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். எது லாபம் என்று வக்கீலிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

4. கட்டுமானத் தொழிலாளர்கள் நலவாரியம்: 18 முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம். விபத்து மரணம், ஊனம் இரண்டுக்கும் உதவித்தொகை உண்டு. அட்டையைப் புதுப்பிக்காமல் பெட்டியில் வைத்திருக்காதீர்கள்.

5. காவல் நிலையம்: மிஷினை அஜாக்கிரதையாக வைத்திருந்தது குற்றம். 2024 ஜூலை 1-க்குப் பின் நடந்த விபத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 289-ஆம் பிரிவில் புகார் தரலாம். புகார் கொடுத்தாலும் நஷ்டஈட்டுக்குத் தனி மனு வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

அடிபட்ட அன்றே செய்ய வேண்டியவை

- டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். "வீட்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிடும்மா, போலீஸ் கேஸ் வேணாம்" என்று மேஸ்திரி கெஞ்சுவார். அப்படிப் பதிவாகிவிட்டால் பிறகு எதையும் நிரூபிப்பது கஷ்டம். எந்த இடம், எந்த மிஷின் என்று விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லி நகல் கேளுங்கள்.
- மிஷினையும் இடத்தையும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். சரிசெய்துவிட்டால் சாட்சி போய்விடும்.
- கூட வேலை செய்த இரண்டு பேரின் பெயர், போன் நம்பர் குறித்துக்கொள்ளுங்கள்.
- மருந்துச் சீட்டு, பில், எக்ஸ்ரே எதையும் தூக்கிப் போடாதீர்கள்.
- விபத்து நடந்ததை முதலாளிக்கு எழுத்தில் தெரிவித்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.
- வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வேண்டாம். "இனி எதுவும் கேட்கமாட்டேன்" என்று எழுதி வாங்கினாலும் சட்டப்படி செல்லாது. மரணத்துக்கான நஷ்டஈட்டையும், பெண்களுக்கு மொத்தமாகத் தரும் நஷ்டஈட்டையும் அதிகாரியிடம் கட்டித்தான் தர வேண்டும்.

கூலிக்கு எழுத்துச் சான்று பெரும்பாலும் நமக்கு இருப்பதில்லை. இன்றிலிருந்தே ஒரு நோட்டில் தேதி, வேலை இடம், மேஸ்திரி பெயர், வாங்கிய கூலி நான்கையும் எழுதி வாருங்கள். குழுக் கணக்கை எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையா?

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? நலவாரிய அட்டை எத்தனை பேரிடம் இருக்கிறது?
2. கடந்த 2 ஆண்டில் வேலையில் அடிபட்டு, குழுவில் கடன் வாங்கியவர் யாராவது உண்டா? மனுப் போட இன்னும் காலம் இருக்கிறதா?
3. ஒருவருக்கு அடிபட்டால் ஆஸ்பத்திரிக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்கும் கூடப்போக இரண்டு பேர் யார்?

மூன்றாவது கேள்விக்கான பதிலைத் தீர்மான நோட்டில் பெயரோடு எழுதிவிடுங்கள். கட்டுப்போட்ட கையோடு தனியாக ஆபீஸ் படி ஏறுவது யாருக்கும் முடியாத காரியம். கூட இரண்டு பேர் போனால் கேட்கிற குரலும் பெரிதாகும்.