பூட்டை ஒருமுறை பார்த்தால் போதும்

இறம்பொடைத் தோட்டத்தில் பெரட்டுக்குப் போகிறவர் பாதிவழியில் லயத்துக்குத் திரும்பி, பூட்டை நாலாம் முறை இழுத்துப் பார்க்கிறாரா? ஓசிடி எனும் எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். இழுத்ததும் வரும் நிம்மதிதான் சந்தேகத்துக்குத் தீனி. எண்ணத்தை விரட்டாதீர்கள், விரட்டினால் கூடும். திரும்பிப் போவதைப் பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். பதற்றம் ஏறி, பெரும்பாலும் தானாகவே இறங்கும். நாளைக்கு இருபது. லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் 1966இல் எழுதிய சிகிச்சையின் அடிப்படையும் இதுவே.

“பூட்டியாச்சு” என்று வீட்டார் ஓயாமல் சொல்வது அன்புதான், ஆனால் நோய்க்கே உதவும். சாமிக் குற்றம் என்று அலையுமுன் தேசிய மனநல உதவி எண் 1926க்கு அழையுங்கள். மருத்துவர் மருந்து தந்தால் பலன் தெரிய 8 முதல் 12 கிழமை ஆகலாம். இடையில் நீங்களாக நிறுத்தாதீர்கள்.