பிரீமியம் கட்டினால் மட்டும் போதாது, மாப்பிள்ளை

அன்புள்ள மருமகனுக்கு,

அக்கா போனில் பேசினாள். சம்பா நடவு முடிந்துவிட்டதாம். பயிர் இன்சூரன்ஸ் மட்டும் வேண்டாம் என்கிறாயாம். போன வருஷம் பூக்கிற சமயத்து மழையில் உன் தெற்கு வயல் பதராகி, ஒரு பைசா வரவில்லையே என்ற கோபம் உனக்கு. கோபம் நியாயம்தான். ஆனால் இழப்பீட்டுக்குக் கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று யாரும் உனக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

இந்தத் திட்டம் 2016-இல் வந்தது. சம்பாவுக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் உன் பங்கு 540 ரூபாய். ஒரு மூட்டை டிஏபி வாங்க அது போதாது.

பணம் வருவது உன் வயலைப் பார்த்து அல்ல, ஊரைப் பார்த்து. கடந்த 7 வருஷத்தில் நன்றாக விளைந்த 5 வருஷத்தின் சராசரியை எடுத்து, அதில் ஒரு பங்கை உத்தரவாத மகசூல் என்று வைப்பார்கள். அது ஏக்கருக்கு 2,000 கிலோ, இந்த வருஷம் ஊரில் கிடைத்தது 1,500 கிலோ என்றால் கால் பங்கு குறைவு. 36,000-இல் 9,000 ரூபாய் வரும். ஊரெல்லாம் விளைந்து ஒரு வயல் மட்டும் பதரானால் வராது. இது பெரிய குறைதான். அதற்காகப் போராட வேண்டும். கட்டாமல் விடுவது போராட்டமாகாது.

ஊர் மகசூலை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? முக்கியமாக அறுவடைப் பரிசோதனை வைத்துத்தான். ஊருக்கு நாலைந்து சர்வே எண்ணைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஒவ்வொன்றிலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் போட்டு, உள்ளே இருப்பதை அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுவார்கள். மொத்த ஊருக்கும் பெரும்பாலும் அந்த எடைதான் பேசும். ஆனால் அன்றைக்கு வரப்பில் நிற்க விவசாயிகள் யாரும் போவதில்லை. எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான். என்றைக்கு நடக்கிறது என்று வேளாண் அலுவலரிடம் கேட்டு, ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நில். எண் விழுந்த இடத்தில்தான் கயிறு கட்ட வேண்டும். பயிர் செழிப்பாக நிற்கிற மூலைக்கு நகரக் கூடாது. எடையைக் குறித்துக்கொள்.

அறுத்துப் பரப்பிய கதிர் மழையில் நனைந்தால் 14 நாள் வரை தனி வயலுக்கும் இழப்பீடு உண்டு, 72 மணி நேரத்துக்குள் தகவல் சொன்னால். நம் பக்கம் எல்லாம் அறுப்பு மெஷின் ஆகிவிட்டதால் அது நமக்கு அதிகம் உதவாது. 2021 ஜனவரி மழையில் அறுப்புக்கு நின்ற நெல் சாய்ந்து வயலிலேயே முளைத்ததே, அப்படி வந்தால் ஊர்க் கணக்குத்தான் கை கொடுக்கும்.

தெற்கு வயல் குத்தகை நிலம் என்பதால், அடங்கலில் சாகுபடிதாரர் உன் பெயர் இருக்கிறதா என்று விஏஓவிடம் பார். ரசீதில் சர்வே எண், பரப்பு, பேங்க் கணக்கு எண் மூன்றையும் அங்கேயே நின்று சரிபார். சொசைட்டிக் கடனில் பிரீமியத்தைப் பிடித்திருப்பார்கள் என்று இருந்துவிடாதே. 2020 முதல் கடன் வாங்கியவர்களுக்கும் இன்சூரன்ஸ் கட்டாயமில்லை. வருகிற பணம் மாதங்கள் கழித்தே வரும். அதை நம்பி அடுத்த சாகுபடிக்குக் கடன் வாங்காதே.

கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15. புயல் வருகிற காலமும் அதுதான்: கஜா புயல் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16. கடைசி இரண்டு நாளில் சேவை மையத்தில் கூட்டம் நெரியும், சர்வர் நிற்கும். அதனால் வருகிற திங்கட்கிழமையே சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் எடுத்துக்கொண்டு போய்க் கட்டிவிட்டு, ரசீதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா