இளம் உரைபெயர்ப்பாளருக்கு: ஸ்பானியக் கணக்கும் ஜப்பானியக் கணக்கும்

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் பக்கத்துப் பக்கத்தில் அமைந்துள்ளன. நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் ஆலையைக் கட்டிய கூட்டு நிறுவனத்தில் ஸ்பெயினின் கோப்ரா ஒரு பங்காளி. அந்த ஆலை 2024-இல் திறக்கப்பட்டது. அடுத்த ஊரான பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்குக் கடன் தருவது ஜப்பானின் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையான ஜைக்கா. செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் ரெனோ-நிசானின் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. உரைபெயர்ப்பாளருக்கு வேலை இருக்கும் மாவட்டம் செங்கல்பட்டு.

ஆனால் ஸ்பானியத்தையும் ஜப்பானியத்தையும் நேரடியாக இணைப்பவர் இங்கே அரிது. அதனால் இருவரை அமர்த்துவதே நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. ஒருவர் ஸ்பானியத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவார். மற்றவர் அதை ஜப்பானியத்துக்கு எடுத்துச் செல்வார். முதலாமவர் தவறினால் இரண்டாமவருக்கு அது தெரியவே தெரியாது. எனவே கூட்டத்துக்கு முன்பே இருவரும் உட்கார்ந்து, உத்தரவாதம், தேய்மானம், தவணை விலக்கு போன்ற சொற்களுக்கு ஒரே பட்டியலை வைத்துக்கொள்வது கட்டாயம்.

நிதிப் பேச்சில் பெரிய ஆபத்து இலக்கணத்தில் இல்லை, எண்ணில்தான். பேரூர்த் திட்டத்தின் மதிப்பீடு 4,276.44 கோடி ரூபாய். ஜப்பானியர் பத்தாயிரத்தை, அதாவது ‘மன்’னை, அடுக்காக வைத்து எண்ணுகிறவர்கள். அவர்களுக்கு இது 427 ஓக்கு 6,440 மன். ஒரு ஓக்கு என்றால் 10 கோடி. ஸ்பெயின்காரருக்கு இதே தொகை 42,764.4 மில்லியன். அதை அவர் தாளில் 42.764,4 என்று எழுதுவார். ஆயிரத்துக்குப் புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. இதைவிடப் பெரிய பள்ளம் பில்லியன். ஆங்கிலத்தில் அது 100 கோடி. ஸ்பானிய ‘பில்யோன்’ ஒரு லட்சம் கோடி. ஒலியை நம்பி அதை ஆங்கில பில்லியனாகச் சொன்னால் தொகை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். நாணயத்தின் பெயரோடும் பூஜ்ஜியங்களோடும் தொகையைத் தாளில் எழுதி, இரு தரப்புக்கும் காட்டிவிட்டுப் பேசுவதே பாதுகாப்பு.

ஆண்டுக் கணக்கும் அப்படித்தான். ஜப்பானிய நிறுவனங்கள் பெரும்பாலும் நம்மைப்போல ஏப்ரலில் கணக்கைத் தொடங்குகின்றன, ஸ்பெயினில் பெரும்பாலும் ஜனவரியில். ‘இந்த ஆண்டு லாபம்’ என்றால் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று கேட்டுத் தெளிவுபடுத்த வேண்டும்.

சான்றிதழை எடைபோடவும் தெரிய வேண்டும். ஜப்பானிய மொழித் திறனுக்காக ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும் ஜேஎல்பிடி தேர்வில் பேச்சுத் தேர்வு கிடையாது. அதன் உச்ச நிலையான என்1 தேறியவருக்கும் கூட்டத்தில் நா எழாமல் போகலாம். ஸ்பானியத்துக்கான டெலே தேர்வில் பேச்சும் உண்டு. அமர்த்துகிற நிறுவனம் ஓர் இருப்புநிலை அறிக்கையைக் கையில் கொடுத்துப் பத்து நிமிடம் பேசவைத்துப் பார்ப்பது எந்தச் சான்றிதழையும்விட நம்பகமானது. அந்தச் சோதனைக்கு இளையவர் தயங்கக் கூடாது.

கேட்ட ரகசியம் வெளியே போகக் கூடாது என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை. ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டே பேசும் வேலையில் 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவது தொழில் வழக்கம். நாள் முழுக்க ஒருவரே போதும் என்று கேட்கும் அழைப்பை மறுப்பதே சரி.

இந்தக் கரையில் தொடங்குகிறவர் இரண்டு மொழிகளையும் ஒருசேரத் துரத்த வேண்டாம். ஆங்கிலத்தோடு ஒன்றை, அதுவும் நிதி அறிக்கையைத் தடையின்றிப் படித்துச் சொல்லும் அளவுக்கு, முதலில் கைக்கொள்ளட்டும். மற்றது பிறகு வரலாம்.