ஆய்வுக்கூடம் தாண்டி உலை வரை

கேள்வி: உலோகம் பிரிக்கும் தொழிலில் ஒரு புதிய முறை ஆய்வுக்கூடத்திலிருந்து ஆலைக்கு வர ஏன் இத்தனை வருடம்? நிர்வாகிகளின் தயக்கமா?

பதில்: தயக்கமும் உண்டு. ஆனால் உருகிய உலோகத்தோடு விளையாட முடியாது என்பதே முதல் காரணம்.

ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓவில் ஜான் ஃபிளாய்ட் 1970களில் ஒரு புதுமை செய்தார். கொதிக்கும் கசடுக்குள் ஓர் இரும்புக் குழாயை மேலிருந்து இறக்கிக் காற்றை ஊதினார். குழாய் உருகிவிடாதா? உள்ளே சுழன்று பாயும் காற்று குழாயைக் குளிர்விக்க, தெறிக்கும் கசடு அதன் வெளிப்புறத்தில் உறைந்து கவசமாகிவிடும். எரிக்க வந்ததே காவலாகிறது!

மவுண்ட் ஐசா சுரங்க நிறுவனம் இதைக் கையில் எடுத்தது. உடனே பெரிய உலை கட்டவில்லை. 1980இல் மணிக்கு 120 கிலோ ஈயத்தாதுவை உருக்கும் சிறு உலை. 1983இல் மணிக்கு 5 டன். 1991இல்தான் முழு அளவிலான ஈய ஆலை வந்தது. அடுத்த ஆண்டு தாமிர ஆலை.

நல்ல ஆய்வு நிர்வாகம் என்பது இதுதான். உலைச் செங்கல் அரிப்பு, குழாய்த் தேய்மானம் போன்ற தொல்லைகள் பெரிய அளவில்தான் முகம் காட்டும். அவை தெரியும்வரை பெரும்பணத்தைக் கொட்டாமலும், திட்டத்தைக் கைவிடாமலும் இருக்க வேண்டும். இரண்டாவதுதான் கடினம்.

ஐசாஸ்மெல்ட் எனப் பெயர்பெற்ற இதே வகை உலைதான் 1996இல் தூத்துக்குடி தாமிர உருக்காலையிலும் இயங்கத் தொடங்கியது.